முகம் சிவந்து எரிகிறது: வீட்டு மருந்தில் எது ஆற்றும், எது சுடும்?

வாசகர் உடல்நலக் கேள்வி பதில்

வெப்பமும் வறட்சியுமான கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாள் முதல் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து எமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகத்தோலைப் பற்றியவையாக இருந்தமையால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகின்றோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை; வயது 27. சித்திரை விடுமுறைக்குப் பின்னர் இரண்டு கன்னங்களும் சிவந்து, வெயிலில் போய் வந்தால் மிளகாய் பூசியது போல எரிகின்றன. கிறீம் வகைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேசிக்காய்ச் சாற்றில் தேன் கலந்து பூசினேன். பின்னர் மஞ்சளும் கடலைமாவும், அதன் பின்னர் தயிர், இப்போது மாமி சொன்னபடி அரிசி கழுவிய நீர். எதைப் பூசினாலும் முதல் நாள் சுகம் போலத் தோன்றி, பிறகு எரிவு கூடுகின்றது. வேறு என்ன இயற்கை மருந்து உண்டு?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்தபோது, இன்னொரு மருந்தின் பெயரைச் சொல்வதைவிட, பூசிக்கொண்டிருப்பவை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வதே முதல் வேலை என்று பட்டது. எரிகின்ற முகத்துக்கு வீட்டில் செய்யக்கூடிய மிகச் சிறந்த வைத்தியம் பெரும்பாலும் இதுதான். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முகத்தில் தண்ணீரையும், கீழே சொல்லப்படும் ஓரிரு பொருட்களையும் தவிர வேறெதுவும் படக்கூடாது.

காரணத்தை விளங்கிக்கொண்டால் நிறுத்துவது இலகு. தோலின் மேற்படை, இறந்த கலங்களும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய காப்பு. அது உள்ளேயுள்ள ஈரத்தை வெளியேறவும், வெளியேயுள்ள உறுத்தும் பொருட்களை உள்ளே நுழையவும் விடுவதில்லை. அந்தப் படை இளம் அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. தேசிக்காய்ச் சாற்றின் பி.எச். 2 அளவில் இருக்கும். எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும் இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதனால், உங்கள் தோல் பழகியிருப்பதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கடுமையான அமிலத்தைக் கன்னத்தில் பூசியிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தேசிக்காயில், குறிப்பாக அதன் தோலில், பியூரோகூமரின் எனப்படும் பொருட்கள் உள்ளன. அவை பட்ட தோலில் வெயில் விழுந்தால், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அவ்விடம் வெந்தது போலச் சிவந்து, சிலருக்குக் கொப்பளித்து, பின்னர் மாதக்கணக்கில் மறையாத கறுத்த தழும்பாக நின்றுவிடும். காலையில் தேசிக்காய் பூசிக் கழுவிவிட்டு, கச்சான் வெயிலில் மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறவருக்கு இதைவிடத் தீங்கான அழகுக் குறிப்பை நாம் அறியோம்.

எதிர்ப்பக்கத்தில் அப்பச்சோடாவும் சாதாரண சவர்க்காரமும் காரத்தன்மை உடையவை. அவையும் அதே காப்பைக் கரைக்கின்றன. தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் நல்ல தோலைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வெடித்த தோலில் சுரீரென்று எரியும். எங்கள் ஊர் எருமைத் தயிரைச் சட்டியிலிருந்து எடுத்துக் கன்னத்தில் அப்புவதைவிட, பாணியோடு சாப்பிடுவது முகத்துக்கும் நல்லது, தயிருக்கும் மரியாதை. மஞ்சளைப் பற்றிப் பலருக்கு மனத்தாங்கல் வரக்கூடும் என்றாலும் சொல்லத்தான் வேண்டும்: மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, பொதி செய்யப்பட்ட மஞ்சள் தூளில் நிறம் கூட்டுவதற்காக ஈயம் கலந்த மஞ்சள் சாயம் சேர்க்கப்பட்டமை தெற்காசியாவில் கண்டறியப்பட்டுள்ளது. சமையலுக்கு நல்ல மஞ்சளைப் பார்த்து வாங்குங்கள். புண்பட்ட முகத்துக்கு அது வேண்டாம். கடலைமாவு, உலர்ந்த பின் தேய்த்து எடுக்கப்படும் ஒரு பொருள் என்பதே அதன் குறை.

இனி, செய்யக்கூடியவை. முகத்தைக் காலையும் மாலையும் மட்டும், தேய்க்காமல், குளிர்ந்த நீரால் கழுவுங்கள். இங்கே ஒரு சிறு விடயம் கவனிக்கப்படுவதில்லை. கூரைமேல் வைத்த கறுப்புத் தாங்கியிலிருந்து நண்பகலில் வரும் நீர், கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்தாலும் சிவந்த முகத்துக்குச் சூடுதான். முதல் வாளியை ஊற்றி விட்டுவிடுங்கள், அல்லது காலையிலேயே ஒரு குடத்தில் பிடித்து நிழலில் வையுங்கள். கடலோரப் பகுதியான எழுவான்கரையின் மணற்பாங்கான கிணறுகள் சிலவற்றில் நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கின்றது. அப்படிப்பட்ட நீரில் சவர்க்காரம் நுரைக்காமல், வெண்மையான படிவாகத் தோலிலேயே தங்கி அரிக்கும். கழுவிய பிறகு முகம் இழுப்பது போல இருந்தால், கடைசியாக ஒரு கோப்பை கொதித்தாறிய நீரால் முகத்தை அலசிவிடுங்கள்.

எரிவு கூடுதலாக உள்ள வேளையில் பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தித் துணியை ஆறிய நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, 10 நிமிடம் முகத்தில் போட்டுக்கொள்ளலாம். குளிர்ச்சியினால் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் சிவப்பும் எரிவும் தணியும். ஐஸ் கட்டியை நேரே வைக்க வேண்டாம். அது தோலைச் சுடும், எடுத்த பின்னர் சிவப்பு முன்னிலும் கூடி எழும். வெள்ளரிக்காய்த் துண்டு செய்வதும் ஏறக்குறைய இந்த ஈரத்துணியின் வேலையைத்தான். ஆதலால் அதற்கெனக் கடைக்குப் போகத் தேவையில்லை.

சமையலறைப் பொருட்களில் நாம் தயங்காமல் சொல்லக்கூடியது ஓட்ஸ். வாசனையும் சீனியும் சேர்க்காத ஓட்ஸில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, மிக்சியில் மா போல அரையுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் சிறிதளவு போட்டுக் கலக்கினால் தண்ணீர் பால் போல வெளுத்து, தூள் உடனே அடியில் படியாமல் இருக்க வேண்டும். படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். இந்தத் தூளைக் குளிர்ந்த நீரில் கூழாகக் குழைத்து 10 நிமிடம் பூசி, காய்ந்து இறுகுவதற்கு முன்னர், தேய்க்காமல் நீரை ஊற்றிக் கழுவுங்கள். ஓட்ஸிலுள்ள அவெனாந்த்ராமைட் என்னும் பொருட்கள் சொறிவையும் அழற்சியையும் தணிப்பவை. நுண்ணியதாக அரைத்த ஓட்ஸைத் தோற்காப்புப் பொருளாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 இல் ஏற்றுக்கொண்டது.

கற்றாழையும் உதவும், வெட்டும் முறை சரியாக இருந்தால். மடலை அடியில் வெட்டியதும் தோலுக்குக் கீழிருந்து மஞ்சள் நிறப் பால் வடிவதைக் காண்பீர்கள். கசப்பான அந்தப் பால்தான் பலருக்கு அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குகின்றது. மடலை வெட்டுமுகம் கீழாக இருக்கும்படி ஒரு கோப்பையில் 15 நிமிடமாவது நிறுத்தி அதை வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி, உள்ளேயுள்ள கண்ணாடி போன்ற சதையை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும். அதுவும் முதலில் முழங்கையின் உட்புறத்தில், நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு. இந்தச் சோதனையை இயற்கைப் பொருள் என்பதற்காக விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஒவ்வாமைக்கு இயற்கையும் செயற்கையும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் கழுவியவுடன், ஈரம் முழுதாக உலர்வதற்கு முன்பு, வாசனை சேர்க்காத வாஸ்லினை மிக மெல்லியதாகத் தடவுங்கள். உங்களுக்குக் கிறீமில் நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பொருளை இயற்கை மருந்து என்று சொல்லவும் முடியாது. ஆயினும் வெடித்த காப்பை மூடி ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில் சமையலறைப் பொருள் எதுவும் அதற்கு ஈடில்லை. முகப்பரு எளிதில் வருகிற தோல் என்றால் உலர்ந்த இடங்களுக்கு மட்டும் போதும். வெளியே போகும்போது குடை வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வெயிலைப் போலவே தோலின் ஈரத்தை உறிஞ்சும்.

சித்திரைக்குப் பின்னர் புதிதாக என்ன பாவித்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். புதிய பவுடர், வாசனைத் திரவியம், துணி கழுவும் தூள், தலைச்சாயம் எல்லாம் கணக்கில் வரும். தலைச்சாய ஒவ்வாமை தலையில் தெரியாமல் கண்ணிமையிலும் காதோரத்திலும் வீக்கமாகத் தெரிவதுண்டு. நகப்பூச்சின் ஒவ்வாமையும், கை அடிக்கடி முகத்தில் படுவதனால், இமையில்தான் முதலில் காட்டும். இவ்வளவும் செய்து இரண்டு வாரங்களில் குறையவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அந்த இரண்டு வாரங்களும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 44. பிளேன்டீ குடித்தாலும், உறைப்பான மீன்குழம்பு சாப்பிட்டாலும் மூக்கும் கன்னமும் சூடேறி விடுகின்றன. நான் கறுப்பு நிறம். ஆகையால் சிவப்பாகத் தெரியவில்லை என்று வீட்டில் நம்புகிறார்கள் இல்லை.
(வாசகி, பாண்டிருப்பு)

பதில்: நீங்கள் சொல்வதை நாம் நம்புகின்றோம். கருநிறத் தோலில் சிவப்பு, கபில நிறமாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும், சில வேளை தெரியாமலும் போகும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும்; எரிவும் குத்தலும் உங்களுக்குத் தெரியும். இது ரொசேசியா என்னும் நிலையாக இருக்கலாம். 30 வயதுக்கு மேல் தொடங்கி, முகத்தின் நடுப்பகுதியில் வந்து போய்க் கொண்டிருந்து, பின்னர் நிலைத்துவிடுவது அதன் இயல்பு. வெயில், சூடான பானம், உறைப்பு, மன உளைச்சல், அடுப்படி வெக்கை ஆகியவை அதைத் தூண்டும். தேநீரை விட வேண்டியதில்லை. தூண்டுவது பெரும்பாலும் அதன் சூடு, ஆகையால் ஆறவைத்துக் குடியுங்கள். விறகடுப்பில் சமைப்பவரானால் முகத்துக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டுங்கள். மெட்ரோனிடசோல், அசெலயிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகளை வைத்தியர் எழுதித் தருவார். அவை நன்றாக வேலை செய்பவை.

கேள்வி: அறுவடைக் காலத்தில் வாடியில் படுத்து எழுந்தபோது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கோடு போட்டது போலச் சிவந்து எரிந்தது. மறுநாள் கொப்பளித்தது. அக்கி என்று சிலரும் சிலந்தி எச்சம் என்று சிலரும் சொன்னார்கள். வேப்பிலை அரைத்துப் பூசினேன்.
(விவசாயி, படுவான்கரை)

பதில்: இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயற்காணிகளில் எறும்பைவிடச் சற்றுப் பெரிதாய், கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி வரும் உடலோடு ஒரு சிறு வண்டு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். விஞ்ஞானிகள் அதனைப் பெடரஸ் என்பர். பயிர் வெட்டப்பட்டதும் இருப்பிடம் இழந்து, இரவில் வெளிச்சத்தைத் தேடி வாடிக்கும் வீட்டுக்கும் வந்துவிடும். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. முகத்தில் ஊரும்போது நித்திரையில் நாம் கையால் தேய்த்து நசுக்கினால், அதன் உடல் நீரிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலைச் சுடுகின்றது. தேய்த்த பாதையிலேயே புண் உண்டாவதால் கோடு போலத் தெரிகின்றது. எரிவு ஒரு நாள் கழித்துத் தொடங்குவதனால் வண்டின் நினைவே யாருக்கும் வருவதில்லை.

பட்டது தெரிந்தால் உடனே சவர்க்காரமிட்டு நிறைய நீரால் கழுவ வேண்டும். முகத்தோலுக்குச் சவர்க்காரம் வேண்டாம் என்று மேலே எழுதிய நாமே இதைச் சொல்கின்றோம், ஏனெனில் இங்கே நஞ்சை அகற்றுவதே முதற்காரியம். கையையும், துடைத்த துவாயையும், தலையணை உறையையும் கழுவுங்கள்; அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் இமை வீங்கிவிடும். பிறகு குளிர்ந்த ஈரத்துணி மட்டும் போதும். கொப்பளத்தை உடைக்க வேண்டாம், இலை எதனையும் அரைத்துப் பூசவும் வேண்டாம். ஓரிரு வாரங்களில் ஆறி, கருமை சில காலம் நிற்கும். வண்டு முகத்தில் ஊர்வது தெரிந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நுளம்பு வலைக்குள் படுப்பதும், படுக்கைக்கு மேலுள்ள விளக்கை அணைப்பதும் போதிய காப்பு.

அக்கி என்பது வேறு. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் வலி, சில நாட்களில் கொத்துக் கொத்தாகக் கொப்பளம் என்று அது வரும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அப்படி வந்தால் கண்பார்வைக்கு ஆபத்து உண்டு. வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது என்பதால், காவி பூசுவதில் நேரத்தைச் செலவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: திருமணத்துக்கு முன்னர் அழகு நிலையம் ஒன்றில் பெயர்ச்சீட்டில்லாத ஒரு சிறு டப்பாக் கிறீம் தந்தார்கள். ஒரு மாதத்தில் முகம் வெளுத்துப் பளபளத்தது. இப்போது ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் சிவந்து தீயாய் எரிகின்றது, மெல்லிய நரம்புகளும் தெரிகின்றன. இயற்கை முறையில் இதனை மாற்றலாமா?
(வாசகி, கல்முனை)

பதில்: மாற்ற முடியாது என்று வெளிப்படையாகச் சொல்வதே நியாயம். நீங்கள் விபரிப்பது, கடுமையான ஸ்டீரொயிட் கலந்த கிறீமுக்குத் தோல் அடிமைப்பட்ட நிலைக்கு முற்றிலும் பொருந்துகின்றது. குளொபெட்டசோல், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட்டுகள் வைத்தியரின் கையில் மிக நல்ல மருந்துகள். ஆனால் முகத்தோல் மெல்லியது, மருந்தைக் கூடுதலாக உறிஞ்சுவது. மாதக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து, இரத்தக்குழாய்கள் விரிந்து, நிறுத்தியவுடன் சிவப்பு முன்னிலும் பன்மடங்காக எழும். எரிவு தாங்காமல் மறுபடி பூசுவீர்கள், உடனே ஆறும், அந்த ஆறுதல்தான் பொறி.

அந்தக் கிறீமை எறிந்துவிடாமல் டப்பாவோடு எடுத்துக்கொண்டு தோல்நோய் வைத்தியரிடம் செல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல்நோய் கிளினிக் உண்டு. அரச வைத்தியசாலை என்பதனால் பணமும் இல்லை. ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்து தருவதா என்பதை அவர் தீர்மானிப்பார். குளிர்ந்த ஈரத்துணியும் வாஸ்லினும் அதுவரை துணையாக இருக்கும், அவ்வளவுதான். தோல் தேற மாதங்கள் ஆகலாம், தேறும்.

இவ்வகைக் கிறீம்களில் பாதரசமும் கலக்கப்படுவதுண்டு. அழகுப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருத்தலாகாது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை முதலில் வரையறுத்திருந்தது, பின்னர் முற்றாகவே விலக்கியது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசுகிறவரின் தலையணை, துவாய் வழியாக வீட்டிலுள்ள குழந்தைக்கும் அது போய்ச் சேரும். இந்தச் சந்தேகத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மணப்பெண் வெளுத்தே ஆகவேண்டும் என்ற எங்கள் சமூகத்தின் ஆசைக்கு எந்த வைத்தியரிடமும் மருந்து இல்லை.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தையின் கன்னமும் நாடியும் சிவந்து சொரசொரப்பாக உள்ளன. நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, ஒலிவ் எண்ணெயா?
(தாய், ஏறாவூர்)

பதில்: பல் முளைக்கும் பருவத்தில் வடியும் வீணீரே பெரும்பாலும் காரணம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்ததும் வாஸ்லினை மெல்லியதாகத் தடவுங்கள். எண்ணெய்தான் வேண்டுமென்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒரு துளி. ஒலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் தோலின் காப்பைக் கெடுப்பதனால் வேண்டாம், நல்லெண்ணெயையும் நாம் சிபாரிசு செய்யமாட்டோம். பவுடர் போட வேண்டாம். தேனை முகத்தில் பூசினால் நாக்குக்குப் போகும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஆபத்தானது. மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டினாலோ, குழந்தை சொறிந்து நித்திரை இல்லாமல் அழுதாலோ காட்டுங்கள்.

கேள்வி: புருவத்திலும் மூக்கின் இரு ஓரத்திலும் சிவந்து செதில் செதிலாக உரிகின்றது. தினமும் தேங்காய் எண்ணெய் பூசுகின்றேன்.
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: பூசுவதை நிறுத்துங்கள். இது தலைப்பொடுகின் உறவு. தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் பங்கசு எண்ணெயின் கொழுப்பமிலத்தைத் தின்று பெருகுவது. குழந்தைக்குச் சொன்ன தேங்காய் எண்ணெய் உங்களுக்கு ஆகாது. கீட்டோகொனசோல் ஷாம்பூவைப் பற்றிப் பார்மசியில் கேளுங்கள்.

கேள்வி: கன்னத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் இளஞ்சிவப்பான படை. சொறிவில்லை, எரிவில்லை, வலியில்லை. அதனால் பயப்பட ஒன்றுமில்லைதானே?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இந்தப் பக்கத்திலுள்ள கடிதங்களில் எம்மை மிகக் கவனமாக வாசிக்க வைத்தது உங்களுடையதுதான். எரியாத, சொறியாத படை எல்லாம் ஆபத்தில்லாதது என்று எண்ணக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரைப் பஞ்சு நுனியால் அந்தப் படையையும் மற்றக் கன்னத்தையும் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். படையில் தொடுகை குறைவாகத் தெரிந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். முகத்தில் உணர்ச்சி முழுதாகக் குறையாமலும் இருப்பதனால், தொடுகை சரியாகத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

பெயரைக் கேட்டதும் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும், அங்கே ஊரிலிருந்து பிரித்து வைக்கப்பட்டவர்களும் மூத்தவர்களின் நினைவுக்கு வரக்கூடும். இன்று எவரையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து மாத்திரைகளை வீட்டிலிருந்தே எடுத்தால் முழுமையாகக் குணமாகும், மாத்திரை இலவசம், தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். தாமதித்தால்தான் நரம்பு பழுதடைந்து, கை கால் விரல்களும் இமையும் பாதிக்கப்படும். நோய் உறுதியானால், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் போய்த் தோலைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் படையில் எதுவும் பூச வேண்டாம். பூசியவை நிறத்தை மாற்றிவிட்டால் வைத்தியருக்குப் பார்த்து அறிவது கடினமாகும்.